சுகர் மாத்திரையும் முட்டி வலியும்

2025 ஏப்ரலில் ஜாமா இதழில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. மெல்பர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் ஃப்ளேவியா சிகுட்டினி குழுவினர் செய்தது. மெட்ஃபார்மின், அதாவது நம்மூரில் பல வீட்டு மாத்திரை டப்பாவில் கிடக்கும் அதே சுகர் மாத்திரை, எடை கூடுதலாக உள்ளவர்களின் முழங்கால் மூட்டுத் தேய்மான வலியைக் குறைக்கிறது என்பது அதன் முடிவு. இந்த மாதிரி ஒரு முடிவு வெளியே வந்ததும் "முட்டி வலிக்கு சுகர் மாத்திரை" என்று ஒரு வரியாகச் சுருங்கிவிடும். அந்த ஒரு வரி மருந்துக்கடை கவுன்ட்டர் வரைக்கும் போகும்.

முதலிலேயே சொல்லிடறேன், இது மோசமான ஆய்வு இல்லை. ஒழுங்காகச் செய்த சின்ன ஆய்வு. அந்த "சின்ன" என்கிற வார்த்தைக்குத்தான் இந்தக் குறிப்பு முழுக்க. பழைய மருந்தை எடுத்துப் புது நோய்க்குப் போட்டுப் பார்க்கும் வேலை முழங்கால் விஷயத்தில் ரொம்ப நாளாக நடக்குது. அவையெல்லாம் எப்படி முடிந்தன என்று வரிசையாக வைத்துப் பார்த்தால், இதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று ஒரு அளவு கிடைக்கும்.

ஆய்வில் 107 பேர். எல்லாருக்கும் பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல், குறைந்தது ஆறு மாதமாக முட்டி வலி. வலியை அளக்க 100 மில்லிமீட்டர் கோடு ஒன்று போட்டு, "வலியே இல்லை" ஒரு முனை, "தாங்கவே முடியல" மறு முனை, எங்க இருக்கீங்கன்னு குறிக்கச் சொல்வார்கள். 40க்கு மேல் குறித்தவர்களைத்தான் சேர்த்தார்கள். சீட்டுக் குலுக்கின மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நாளுக்கு 2,000 மில்லிகிராம் வரை மெட்ஃபார்மின், மறு பாதிக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் டம்மி மாத்திரை. 2021லிருந்து 2023 வரை ஆள் சேர்த்து, தொலைமருத்துவ முறையில் நடத்தினார்கள். ஆறு மாதம் கழித்து மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு வலி சராசரியாக 31.3 இறங்கியிருந்தது.

செய்தியாகப் போவது இந்த 31.3. எனக்கு முதலில் கண்ணில் படுவது பக்கத்துக் கட்டம். டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 18.9 இறங்கியிருக்கு. ஆரம்ப நிலை வேறுபாடுகளைச் சரிக்கட்டிக் கணக்குப் பண்ணினால் இரண்டுக்கும் வித்தியாசம் 11.4. மெட்ஃபார்மினின் கணக்கில் எழுத வேண்டியது இதுதான். மீதி, அந்த மாத்திரையில் எதுவுமே இல்லாமல் இருந்திருந்தாலும் இறங்கியிருக்கும்.

ஏன் இறங்குது? மூட்டுத் தேய்மான வலி ஏறி இறங்கும் வலி. அது ஏறி நிற்கும் சமயத்தில்தான் ஆள் டாக்டரைத் தேடுவார், ஆய்விலும் சேருவார். 40க்கு மேல் வலி இருந்தால்தான் சேர்ப்போம் என்று வாசலிலேயே ஒரு கோடு போட்டால், அன்றைக்கு வலி ஏறியிருந்தவர்களைப் பொறுக்கி எடுத்த மாதிரி ஆகும். அப்புறம் தானாகவே கொஞ்சம் இறங்கும். அதற்கு மேல் யாரோ நம்மைக் கவனிக்கிறாங்க, மாதாமாதம் விசாரிக்கிறாங்க என்பதும் வலியைக் குறைக்கும். 2008இல் வந்த ஒரு தொகுப்பாய்வு மூட்டுத் தேய்மானம் பற்றிய 198 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. டம்மி சிகிச்சை பெற்றவர்களிடம் வலி குறைந்த விளைவின் அளவு 0.51. எதுவுமே கொடுக்காமல் விட்டவர்களிடம் 0.03. மெட்ஃபார்மின் ஆய்வில் டம்மியைத் தாண்டிக் கிடைத்த கூடுதல் அளவு 0.43. அதாவது வெறும் மாத்திரை இந்த நோயில் செய்யும் வேலையைவிட மெட்ஃபார்மின் அதன் மேல் கூட்டியது கொஞ்சம் குறைவு. முழங்கால் மருந்து பற்றிய எந்தச் செய்தியையும் இந்த இரண்டு எண்களோடு சேர்த்துப் படிக்கணும்னு நினைக்கிறேன். ஊருக்கு ஊர் எண்ணெய், பட்டி, பவுடர் எல்லாத்துக்கும் "எனக்குக் கேட்டுச்சு" என்று சாட்சி சொல்ல ஆள் கிடைப்பதன் ரகசியமும் இதற்குள்தான் இருக்கு.

இங்கே எதிர்ப்பக்கத்துக்காரர்கள் செய்யும் ஒரு தப்பையும் சொல்லணும். அந்த 100 கோட்டில் சுமார் 20 இறங்கினால்தான் நோயாளி "பரவாயில்லை, தேவலாம்" என்று உணர்கிறார் என்பது இந்தத் துறையில் புழங்கும் கணக்கு. 11.4 அதுக்குக் கீழே, அதனால் மருந்து வேஸ்ட் என்று முடித்துவிடுகிறார்கள். 20 என்பது ஒரு ஆளுக்குள் நடக்கும் மாற்றம். 11.4 இரண்டு குழுக்களின் சராசரிக்கு நடுவில் உள்ள இடைவெளி. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. சராசரி 11 என்றால், சிலருக்கு நன்றாகவே கேட்டு, பலருக்கு ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம். அப்படியே நிறுத்தினாலும், டம்மி குழுவின் 18.9 அந்த 20ஐத் தொடும் தூரத்தில் நிற்கிறது. அதை வைத்து டம்மி மாத்திரையை மருந்தென்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

என் சந்தேகம் வேற இடத்தில். 11.4 என்ற எண்ணோடு ஒரு நம்பக எல்லை கொடுத்திருக்கிறார்கள்: 2.6லிருந்து 20.1 வரை. உண்மையான பலன் இதற்குள் எங்கேயும் இருக்கலாம். 20 என்றால் பிரமாதம். 2.6 என்றால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. எல்லை இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம் ஆள் குறைவு, அதிலும் கடைசி வரை இருந்தவர்கள் 88 பேர்தான்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்க. எல்லையின் பாதி அகலம் கிட்டத்தட்ட 8.8. அப்படின்னா இந்த அளவு ஆய்வில் வித்தியாசம் 8.8க்குக் கீழே வந்திருந்தால் புள்ளியியல் வாசலைத் தாண்டியிருக்காது. மெட்ஃபார்மினின் உண்மையான பலன் 5தான் என்று வைத்துக்கொள்வோம். இதே அளவில் பத்து ஊரில் பத்து ஆய்வு நடந்தால், பெரும்பாலானவை "பலன் இல்லை" என்று சொல்லும். யாரோ ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் அதிர்ஷ்டவசமாக 9, 10, 12 என்று வரும். பெரிய இதழில் அச்சாவது அந்த ஒன்றிரண்டுதான். சின்ன ஆய்வு ஜெயித்தால், ஜெயித்த அளவு பெரும்பாலும் ஊதிப்போன அளவு. யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. வாசலின் உயரமே அதைச் செய்துவிடும்.

இன்னொன்று. மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்கும், சாப்பிட்டுப் பழகினவர்களுக்குத் தெரியும். இந்த ஆய்விலும் வயிற்றுப்போக்கு மெட்ஃபார்மின் குழுவில் 15 சதவீதம், டம்மியில் 8 சதவீதம். வயிறு கலங்கினவர் "நமக்கு உண்மையான மாத்திரைதான் கிடைச்சிருக்கு" என்று ஊகித்தால், வலிக் கோட்டில் குறிக்கும் கை அந்த ஊகத்தையும் சேர்த்தே குறிக்கும். 11.4 இல் இதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க வழியில்லை.

கட்டுரையின் முடிவுப் பத்தியில் இரண்டு விஷயம் அடுத்தடுத்து வருது. முழங்கால் வலிக்கு மெட்ஃபார்மினைப் பயன்படுத்துவதை இந்த முடிவுகள் ஆதரிக்கின்றன என்று ஒன்று. ஆய்வு சின்னது, பெரிய ஆய்வில் உறுதிப்படுத்தணும் என்று இன்னொன்று. என் விமர்சனம் முழுக்க இந்த இரண்டு வாக்கியத்தின் வரிசையைப் பற்றியதுதான். இரண்டாவது உண்மையென்றால் முதலாவதை இவ்வளவு சீக்கிரம் எழுதியிருக்கக் கூடாது. படிக்கிறவர்கள் முதல் வாக்கியத்தோடு எழுந்து போய்விடுவார்கள்.

இதை நான் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம், இதே நோயில் ஏற்கெனவே நடந்த கதைகள். சோலெட்ரானிக் அமிலம் என்று எலும்பு அடர்த்திக் குறைவுக்குப் போடும் ஊசி. 2012இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மானியாவில் 59 பேரிடம் முட்டி வலிக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் வலி டம்மியைவிட நன்றாகக் குறைந்தது, எம்.ஆர்.ஐ.யில் எலும்புக்குள் தெரியும் புண்ணும் சுருங்கியது. அதே குழுவினர் சும்மா விடவில்லை. 223 பேரைச் சேர்த்து, இரண்டு வருடம் தொடர்ந்து, 2020இல் ஜாமாவிலேயே வெளியிட்டார்கள். குருத்தெலும்பு தேய்வதில் வித்தியாசம் இல்லை. வலியிலும் இல்லை. ஊசி போட்ட சில நாளில் காய்ச்சல், உடம்பு வலி மாதிரித் தொந்தரவுகள் மட்டும் மருந்துக் குழுவில் அதிகம். எட்டு வருட நம்பிக்கை. ஆனா முதல் ஆய்வு செய்தவர்களே இரண்டாவதையும் செய்து "இல்லை" என்று எழுதினார்கள் பாருங்க, அது பெரிய விஷயம்.

மெத்தோட்ரெக்ஸேட் கதை இன்னும் குழப்பம். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மாத்திரை. முட்டித் தேய்மானத்திலும் உள்ளே அழற்சி இருக்கு, அதனால் இது கேட்கலாம் என்பது யோசனை. சீனாவில் மூட்டில் நீர் கோத்து அழற்சி இருந்த 215 பேரிடம், வாரம் 15 மில்லிகிராம் வரை, ஒரு வருடம் கொடுத்தார்கள். 2023இல் முடிவு: பலன் இல்லை. பிரிட்டனில் 155 பேரிடம், வாரம் 25 மில்லிகிராம் வரை கொடுத்தார்கள். 2024இல் முடிவு: ஆறாவது மாதத்தில் பத்துக்கு 0.79 அளவு வலி குறைகிறது. அழற்சி உள்ளவர்களாகவே பார்த்துப் பொறுக்கிய ஆய்வு தோற்று, பொதுவாக எடுத்த ஆய்வு கொஞ்சம் ஜெயித்தது. டோஸ் காரணமா, ஆள் காரணமா, அதிர்ஷ்டமா? 150, 200 பேர் ஆய்வுகளை வைத்து இந்தச் சண்டையைத் தீர்க்கவே முடியாது. கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டினையும் இந்த மோனாஷ் குழுவினரே 304 பேரிடம் இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்து, குருத்தெலும்பு தேய்வதை அது தடுக்கவில்லை என்று 2021இல் எழுதியிருக்கிறார்கள். மக்கள்தொகைத் தரவுகளில் அழகாகத் தெரிந்த தொடர்பு, சீட்டுக் குலுக்கிப் பிரித்தபோது காணாமல் போயிடுச்சு.

மெட்ஃபார்மினுக்கும் அப்படி ஒரு முன்கதை உண்டு. 2019இல் இதே குழு ஒரு அமெரிக்கத் தரவுத்தொகுப்பை அலசி, மெட்ஃபார்மின் எடுக்கும் குண்டானவர்களுக்குக் குருத்தெலும்பு தேய்மானம் குறைவு என்று காட்டியது. அதில் மெட்ஃபார்மின் எடுத்தவர்கள் 56 பேர்தான்.

வலியும் தேய்மானமும் ஒன்றாகவே போவதில்லை என்பது இந்தத் துறையின் பெரிய தலைவலி. ஆஸ்டியோபோரோசிஸ் மருந்தான ஸ்ட்ரான்ஷியம் ரானிலேட்டை 1,600க்கும் மேற்பட்டவர்களிடம் மூன்று வருடம் சோதித்து, எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி குறைவது மெதுவாகிறது என்று 2013இல் காட்டினார்கள். அடுத்த வருடமே இதய ஆபத்து காரணமாக அந்த மருந்துக்குக் கட்டுப்பாடு வந்தது, 2017இல் தயாரிப்பாளரே நிறுத்திவிட்டார். கீல்வாதத்துக்கான கோல்ச்சிசின் இதற்கு நேர் எதிரான விசித்திரம். சிங்கப்பூரில் 109 பேரிடம் 16 வாரம் கொடுத்தபோது முட்டி வலி குறையவே இல்லை. ஆனா இதய நோய்க்காக அதே மருந்தை 5,522 பேரிடம் சோதித்த ஒரு பெரிய ஆய்வை பிறகு வேறொரு கண்ணோடு திரும்பப் பார்த்தபோது, முட்டியோ இடுப்போ மாற்று அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள் கோல்ச்சிசின் குழுவில் 2.5 சதவீதம், டம்மி குழுவில் 3.5 சதவீதம். 16 வாரத்தில் வலியைக் கேட்டால் ஒரு பதில், இரண்டு வருடத்துக்கு மேல் ஆபரேஷனை எண்ணினால் வேறொரு பதில். பின்னால் தோண்டி எடுத்த கணக்கு என்பதால் இதையும் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனாலும் 5,000 பேர் இருந்ததால்தான் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கவே முடிந்தது.

இப்போ பணம். செமாக்ளுடைட் ஊசியும் ஒரு வகையில் பழைய மருந்துதான். சர்க்கரைக்கு வந்து, எடைக்கு மாறி, பிறகு முட்டிக்கு வந்தது. 2024இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு 407 பேர், 11 நாடுகள், 68 வாரம். வலி மதிப்பெண் ஊசிக் குழுவில் 41.7 இறங்கியது, டம்மியில் 27.5. எடை 13.7 சதவீதம் குறைந்தது. செலவு முழுக்கத் தயாரிப்பாளரான நோவோ நோர்டிஸ்க். அதே கம்பெனியின் முந்தைய ஊசி லிராக்ளுடைட்டை டென்மார்க்கில் 156 பேரிடம், முதலில் டயட் மூலம் எடை குறைக்க வைத்து, அப்புறம் ஒரு வருடம் கொடுத்தார்கள். எடையில் இன்னும் கொஞ்சம் வித்தியாசம் வந்தது, வலியில் வரவில்லை. ஆக, ஊசி முட்டிக்குத் தனியாக ஏதோ செய்யுதா, எடை நிறையக் குறைவதுதான் வேலை செய்யுதா என்பது இன்னும் விவாதம். எனக்குப் பின்னதே தோணுது. எடையில் ஏழில் ஒரு பங்கு குறைந்தவருக்குத் தான் எந்தக் குழு என்று தெரியாமலா இருக்கும் என்பதும் கூடவே இருக்கு.

காப்புரிமை உள்ள மருந்துக்கு 407 பேர் சேருகிறார்கள். காப்புரிமை இல்லாமல், மாத்திரைக்குச் சில்லறைக் காசு விலையில் கிடைக்கும் மெட்ஃபார்மினுக்கு அடுத்த ஆயிரம் பேரை யார் சேர்ப்பார்கள்? ஜெயித்தாலும் லாபம் பார்க்க ஆளில்லை. அதனால் 107இலேயே நின்றுபோய், "ஆதரிக்கிறது" என்ற முதல் வாக்கியம் மட்டும் பத்து வருடம் மேற்கோளாக ஓடிக்கொண்டிருக்கும் அபாயம் நிஜமானது.

முடியாத காரியம் இல்லை. கொரோனா சமயத்தில் பிரிட்டனில் ரெகவரி ஆய்வு நடந்ததே. அரசுப் பணத்தில், எளிமையான படிவத்தோடு, டெக்ஸாமெத்தசோன் என்ற அரதப்பழசு மருந்தை 2,104 பேருக்குக் கொடுத்து, 4,321 பேரோடு ஒப்பிட்டார்கள். 28 நாளில் இறப்பு 25.7 சதவீதத்திலிருந்து 22.9க்கு இறங்கியது. அதே ஆய்வு, ஊரெல்லாம் கொண்டாடிய ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்குப் பலன் இல்லை என்றும் சில மாதத்தில் சொல்லி முடித்தது. முட்டி வலியால் யாரும் 28 நாளில் சாவதில்லை, அதனால் அந்த அவசரம் இதற்குக் கிடைப்பதில்லை. படியேற முடியாமல், கல்யாணம் கருமாதிக்குப் போக முடியாமல், வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போகும் பெண்களின் இருபது வருடம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. 2016இல் வெளியான ஓர் இந்தியக் கணக்கெடுப்பில் முழங்கால் தேய்மானம் 28.7 சதவீதம். ஆள் சேர்க்க இங்கே பஞ்சமா?

இங்கே நடத்தினால் கேள்வித்தாளையும் கொஞ்சம் மாற்றணும். இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் புழங்கும் வோமாக் என்ற படிவம் கனடாவில் உருவானது. மாடிப்படி, கட்டில், கார், டாய்லெட் எல்லாம் கேட்கும். சம்மணம் போட்டு உட்கார முடியுதா, தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியுதா என்று அதன் 24 கேள்விகளில் ஒன்றும் கேட்காது. நம்ம ஆட்களுக்கு முட்டி போனதே முதலில் அங்கேதான் தெரியும்.

அதுவரைக்கும் என்ன செய்வது என்று கேட்டால், கைப்பிடி மாதிரி இரண்டு விஷயம் சொல்லலாம். முட்டி வலிக்காரர்களில் பலர் ஏற்கெனவே வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள். டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் கிட்னியைச் சுரண்டும். மெட்ஃபார்மின் வெளியேறுவது கிட்னி வழியாக. கிட்னி ரொம்பப் பலவீனமானால் அது உடம்பில் தேங்கி, அபூர்வமாக என்றாலும் ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து வரை போகலாம். ஆய்வில் ஆறு மாதம் ஆளைக் கண்காணித்துக் கொடுத்த 2,000 மில்லிகிராமும், செய்தியைப் பார்த்துவிட்டு கடையில் கேட்டு வாங்கும் 2,000 மில்லிகிராமும் ஒன்றில்லை. டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

இன்னொன்று, சர்க்கரைக்காரர்கள் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி. "நான் பத்து வருஷமா மெட்ஃபார்மின்தான் சாப்பிடறேன், எனக்கு ஏன் முட்டி வலி போகல?" 107 பேர் ஆய்வு சொல்வது சராசரியாக 100க்கு 11. மெட்ஃபார்மின் இல்லாமல் உங்கள் முட்டி எப்படி இருந்திருக்கும் என்பதைப் பார்க்க உங்களிடம் இன்னொரு உடம்பு இல்லை. அந்த ஆய்வை நம்பி டோஸைக் கூட்டவும் வேண்டாம், வலி போகலையே என்று நிறுத்தவும் வேண்டாம். அது சுகருக்குக் கொடுத்தது. வருடத்துக்கு ஒரு தடவை கிரியேட்டினினும், நாள்பட்டு எடுப்பவர்கள் பி12உம் பார்த்துக்கொண்டால் போதும். முட்டிக்கு, தொடைத் தசைப் பயிற்சியும் எடையும்தான் இப்போதைக்கு இதைவிட அதிகம் சோதிக்கப்பட்டவை.